லேகியத்துக்குச் சுந்தரி எழுத்து

11 மார்ச் 1957, திங்கள்

பசாரில் நெத்திலி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால், காகிதத்தில் அச்சாகியிருந்தது சிவகாமியின் கையெழுத்து.

“படை, சொறி, தேமல், இடுக்கு அரிப்பு — ஒரே வாரத்தில் குணம்.”

‘அரிப்பு’ என்பதன் ரகரம் அவரைக்கொடி மாதிரி இறங்கி அடுத்த எழுத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. அந்த இறக்கத்தை அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினோரு தடவை எழுதிப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்து எண்ணினேன். இன்று அதன் மேல் நெத்திலியின் கண் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

என் மனைவி அஞ்சலை காகிதத்தை அடுப்பில் போட்டாள். நெத்திலியைப் பொரித்தாள். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். என் அருவருப்பின் ஆயுள் அவ்வளவுதான்.

சொறி மருந்து நோட்டீசை எழுத்துக் கோத்ததும் நான்தான் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் வேறு எங்கே எழுதுவது? கய்யூம் பாய் அச்சகத்தில் பதினெட்டு வருடமாகக் கம்போசிட்டர். என் விரல் படாமல் மலாக்காவில், இந்தக் காஜா பெராங்கில் ஒருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாகவும் இல்லை.

13 மார்ச், புதன்

சொறி மருந்துக்கு இந்த எழுத்து வேண்டாமே என்று பாயிடம் கேட்டேன். “ஏன் சேது, எழுத்துக்கு வெக்கமா இருக்குதாமா?” என்றார். எழுத்துக்கு இல்லை. அவருக்கும் இல்லை. எனக்கு இருக்கிறதா என்று நாளை யோசிக்க வேண்டும்.

17 மார்ச், ஞாயிறு

யோசித்தேன். இருக்கிறது, கொஞ்சம்.

சிவகாமசுந்தரி என் மனைவியின் தங்கை. மூத்தவளுக்கு அஞ்சலை, இளையவளுக்குச் சிவகாமசுந்தரி. மாமனாருக்கு முதல் பிள்ளை பிறந்தபோது ஏதோ அவசரம் இருந்திருக்க வேண்டும். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். நம் தமிழ்ப் பள்ளியில் பதின்மூன்று வருட டீச்சர். பெரிய வாத்தியார் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அடுத்து அவள்தான் என்று ஊரே சொல்கிறது. அவள் மட்டும் சொல்வதில்லை. ஆனால் போன மாதம் புதிதாக இரண்டு வெள்ளைச் சேலை வாங்கினாள். எனக்குக் கண் இருக்கிறது.

அவள் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எழுத்து காகிதத்தில் உட்காரும். அவளுடையது நடக்கும். லேசாக வலப்பக்கம் சாய்ந்து, ககரத்தின் வால் மயிரிழையாக இழுபட்டு, சுழிகளெல்லாம் மூச்சு விட இடம் வைத்து. அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று வாசிக்கிறவன் கண்ணே மெதுவாகப் போகும். இருநூறு பிள்ளைகளுக்கு அப்பியாசப் புத்தகத்தில் அந்த எழுத்தில்தான் முதல் வரி போட்டுக் கொடுக்கிறாள். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அவள் கையெழுத்து இருக்கிறது.

போன வருடம் நான்தான் பாயின் காதில் போட்டேன். கல்யாணப் பத்திரிகைத் தலைப்புக்கு நம்மிடம் இருப்பது தடித்த பழைய எழுத்து, மணமகன் பெயரைப் போட்டால் ஏலம் விடுகிற மாதிரி இருக்கிறது, டீச்சர் எழுத்தைப் பிளாக் செய்தால் என்ன என்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை. தடித்த வெள்ளைத் தாள், மெல்லிய நிப்பு, கறுப்பு மை. ஒவ்வொரு எழுத்தையும் நாலு மடங்கு பெரிதாக எழுதினாள். தமிழில் இத்தனை எழுத்து இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் வெறுப்பாக இருந்தது. சிங்கப்பூரில் சுருக்கிப் படம் பிடித்து, துத்தநாகத் தகட்டில் அரித்து, கட்டையில் அடித்து அனுப்பினார்கள். அதிகம் வருகிற எழுத்துக்கு ஆறு, மற்றதற்கு மூன்று. பாய் பெயர் வைத்தார்: சுந்தரி எழுத்து.

அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்.

“நல்ல காரியத்துக்கு மட்டும் அத்தான். கல்யாணம், வளைகாப்பு, புது வீடு. வேற எதுலயும் என் எழுத்து வரக்கூடாது.”

“பாய்கிட்ட சொல்லிட்டேன்” என்றேன்.

சொல்லவில்லை. சொல்ல நினைத்தேன். அன்று கடையில் கூட்டம்.

முதல் ஆறு மாதம் என் வாழ்க்கையின் அழகான மாதங்கள். பழைய மலாக்காச் செட்டிகள் இருக்கிற சிட்டி கம்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பாவம், தமிழ் ஓர் எழுத்து தெரியாது, மலாயில்தான் பேச்சு. மகள் கல்யாணக் கார்டு முழுக்க மலாய், ஆனால் மேலே ஒரு வரி தமிழ் வேண்டும், அதுவும் ‘அந்தக் கொடி எழுத்தில்’. போட்டுக் கொடுத்தேன். கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரிந்தவன் ஒருவனும் அப்படிப் பார்த்ததில்லை.

வியாபாரத்துக்காக ஒரு புளுகும் சேர்த்தேன். “டீச்சரம்மா உங்களுக்குன்னே கைப்பட எழுதிக் குடுத்தது.” எல்லாப் பத்திரிகைக்கும் அதையே சொன்னேன். ஊர் நம்பியது. பிளாக் என்றால் என்ன என்று ஊருக்கு எங்கே தெரியும்?

2 ஏப்ரல், செவ்வாய்

கிளேபாங் கருணாகரன் வைத்தியர் வந்தார். சந்தான லேகியம் என்று புதிதாக ஒன்று கிண்டியிருக்கிறார். டப்பாவைத் திறந்து காட்டினார். வண்டி மையும் வெல்லமும் கலந்த வாசனை. நோட்டீசு வேண்டும், இரண்டாயிரம்.

“பெண்கள் கையில போகணும் சேது. பெண் எழுதின மாதிரி இருக்கணும்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். “சுந்தரியில போடு” என்றார்.

அருவருப்பாக இருந்தது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இது என் சொந்த டைரி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எழுத உட்கார்ந்ததும் எனக்கு ருசித்துவிட்டது. வைத்தியர் கொண்டுவந்த வாசகம் சவம் மாதிரி இருந்தது. அதைக் கிழித்துவிட்டு நானே ஒரு நற்சாட்சிக் கடிதம் எழுதினேன்:

“ஐயா, ஏழு ஆண்டுகள் மடி காய்ந்து கிடந்தேன். தாயே, எனக்கு மட்டும் ஏன் கதவு சாத்தினாய் என்று அழாத நாள் இல்லை. தங்கள் லேகியம் மூன்று டப்பா உண்டேன். இப்போது ஆறாவது மாதம். இதை எழுதும்போதே உதைக்கிறான். தங்கள் சகோதரி, மலாக்கா.”

வைத்தியர் கண் கலங்கிவிட்டார், தன் லேகியத்தை நினைத்து. “இன்னும் கொஞ்சம் நம்பிக்கை வர்ற மாதிரி வேணும்” என்றார். கையெழுத்து இடத்தை மாற்றினேன்: “ஆசிரியை ஒருவர், மலாக்கா.” படித்தவள் சொன்னால் நம்புவார்கள் என்று.

அவ்வளவுதான் யோசித்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

5 ஏப்ரல், வெள்ளி

அச்சாகிவிட்டது. மஞ்சள் நிற மட்டக் காகிதம், உறிஞ்சுகிற ரகம். சுந்தரி எழுத்துக்கு வழவழப்பான கார்டு வேண்டும், மை குறைவாக வேண்டும், மிதி மிஷினில் அழுத்தம் தளர்த்தி மெதுவாக மிதிக்க வேண்டும். இரண்டாயிரம் நோட்டீசுக்கு யார் மெதுவாக மிதிப்பார்கள்? சுழிகளெல்லாம் மையால் அடைத்துப் போய்விட்டன. மயிரிழை வால்கள் பல இடத்தில் அறுந்துவிட்டன. ‘உதைக்கிறான்’ என்பது மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது.

கை கழுவ மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். மை போகவில்லை.

10 ஏப்ரல், புதன்

காலை கோப்பிக் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது.

இது எனக்குப் புதிது. இருபது வருடமாக நான் நுழைந்தால்தான் பேச்சே தொடங்கும். யார் வீட்டில் யார், எந்தக் கிராணி எந்தத் தோட்டத்தில், எல்லாம் என் வாய் வழியாகத்தான் காஜா பெராங்குக்குப் போகும். இன்று எல்லோரும் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். சீனி போடாத கோப்பியைக்கூட.

தேவதாஸ் பள்ளி நிர்வாகக் குழுச் செயலாளர், தபால் ஆபீசில் வேலை. அவர்தான் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

“சேது, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”

“சௌக்கியம்தான்.”

“டீச்சர்?”

“அவளுக்கென்ன?”

“அதான் கேக்கிறேன்லா. அவங்களுக்கென்ன?” சட்டைப் பையிலிருந்து மஞ்சள் காகிதத்தை எடுத்தார். “எம் பொண்ணு கொண்டு வந்தா. டீச்சர் எழுத்துப்பா, டீச்சர் எழுத்துன்னு. ரெண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கிறா, ஆ-றா-வ-து மா-த-ம்.”

ஊர் அதை விளம்பரமாக வாசிக்கவில்லை. கடிதமாக வாசித்திருக்கிறது. டீச்சர் கைப்பட எழுதியது. நான்தானே அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்?

14 ஏப்ரல், ஞாயிறு. சித்திரை வருடப் பிறப்பு

கோவிலுக்குப் போனோம், மூன்று பேரும். சிவகாமிக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பஞ்சாங்கத்தில் இருக்கிற மாதிரி.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் பேசினார்கள். பேசும்போது ஒருவர் கண்ணும் அவள் முகத்தில் இல்லை. இடுப்பிலிருந்து இரண்டு அங்குலம் மேலே. ஒரு கிழவி தொட்டே பார்த்தாள், முந்தானையைச் சரி செய்கிற சாக்கில். சந்திரமதி என்று ஒருத்தி, மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, மாங்காய் இரண்டைக் கையில் திணித்து, “புளிப்பு வேணும்னு இருக்கும்ல டீச்சர்” என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

சாமி கும்பிடவா வந்தீர்கள்? சீ. எத்தனை பேருக்கு என்னென்ன பேசியிருக்கிறேன் இதே பிரகாரத்தில் நின்று. என் சரக்குத்தான் எனக்கே திரும்பி வருகிறது. ஆனால் எனக்கு வரவில்லையே, அவளுக்கல்லவா போகிறது.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் காகிதத்தை அவள் முன் வைத்தேன். வாசித்தாள். இரண்டாவது தடவை வாசிக்கவில்லை.

“இத யார் எழுதினது அத்தான்?”

“எழுத்து உன்னோடது.”

“வாசகம்?”

நான் பதில் சொல்வதற்குள் அஞ்சலை காகிதத்தை வாங்கினாள். அவள் மெதுவாகத்தான் வாசிப்பாள், விரல் வைத்து. விரல் இரண்டாவது வரியில் நின்றது.

“மடி காஞ்சு கிடந்தேன். எனக்கு மட்டும் ஏன் கதவு சாத்தின” என்று வாசித்தாள். “இது நான் சொன்னது.”

மாரியம்மன் சன்னதியில் அவள் விழுந்து அழுதபோது சொன்னது. பதினைந்து வருடம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உறுதியான நாள். நான் பக்கத்தில் நின்றேன். அதை எடுத்து லேகிய டப்பாவோடு விற்றிருக்கிறேன். எழுதும்போது எங்கிருந்து வந்தது என்றே தோன்றவில்லை. நல்ல வாசகம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இன்று மத்தியானம் பாயசம் இருந்தது. ஒருவரும் தொடவில்லை.

15 ஏப்ரல், திங்கள்

அஞ்சலை பேசவில்லை. தட்டை வைக்கும் சத்தத்தில் எல்லாம் சொல்கிறாள்.

16 ஏப்ரல், செவ்வாய்

சிவகாமி பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். நிர்வாகக் குழு விசாரிக்கப் போகிறதாம், முடிகிறவரை வகுப்புக்கு வர வேண்டாமாம். ஆசிரியை வேலை போகலாம். பெரிய டீச்சர் பதவியைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லையாம்.

“போய் டாக்டரப் பார்த்து எழுதி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னாங்க அத்தான். எனக்கு ஒண்ணும் இல்லன்னு.”

“யார் சொன்னா?”

“தலைவர். தம்பிராஜா.”

“நீ என்ன சொன்ன?”

“பதிமூணு வருசம் அவர் பிள்ளைங்க மூணு பேருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்திருக்கேன். வயித்தக் காட்ட மாட்டேன்னு சொன்னேன்.”

அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

18 ஏப்ரல், வியாழன்

தம்பிராஜா துணிக்கடைக்குப் போனேன். தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதிய முன்னாள் பெரிய கிராணி. இன்னும் ஆட்களைக் கணக்கெடுக்கிற மாதிரித்தான் பார்ப்பார். ஒன்று விடாமல் ஒத்துக்கொண்டேன். நான்தான் எழுதினேன், நான்தான் கோத்தேன், டீச்சருக்குத் தெரியாது.

முழம் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்:

“கொழுந்தியாளக் காப்பாத்த வந்திருக்க. நல்ல காரியம். ஆனா சேது, போன வருசம் எனக்குச் சிரம்பான்ல ரெண்டாம் கல்யாணம்னு ஊர் பூரா சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அதுக்கு முந்தின வருசம் நான் பல் செட்டு போட்டிருக்கேன்னு?”

“அதுவும் நான்தான். ஆனா அது உண்மைதானே அண்ணே.”

“போய் வேலையப் பாரு.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மெய்யைச் சொன்னால்கூட நம்ப ஆளில்லை. என் நாக்கை எடுத்து நெத்திலியோடு காய வைக்கலாம், நெத்திலி கெட்டுவிடும்.

20 ஏப்ரல், சனி

சொன்னால் நம்பமாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்று தோன்றியது. சுந்தரி எழுத்துப் பெட்டியை வெள்ளிக்கிழமை விசாரணைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகப் பாயிடம் கேட்டேன்.

“எழுத்து என் கடைச் சொத்து. வெளிய போகாது சேது. ஒரு பிளாக் தொலஞ்சா முழு செட்டும் முடம்.”

“ஒரு பெண்ணோட பேரு பாய்.”

“அவங்க பேரு நல்ல பேருதான். யாரு இல்லன்னா? நோட்டீசு நல்லா போகுது, வைத்தியர் இன்னும் மூவாயிரம் கேக்கிறார். அத முடி.”

இன்னும் மூவாயிரம். நான் முடிக்கவில்லை. மை டப்பாவின் மூடி திறக்க வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடத்தில் நான் செய்த முதல் வேலைநிறுத்தம். பாய் கவனிக்கக்கூட இல்லை.

26 ஏப்ரல், வெள்ளி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கூட்டம் மதியம் ஒன்றுக்கு. பாய் ஜும்மா தொழுகைக்குப் போனார். கடை சாத்தியிருக்கிற நேரம், சாவி என்னிடம். பெட்டியைச் சைக்கிள் பின்னால் கட்டினேன். மேலே பாயின் மழைக்கோட்டைப் போர்த்தினேன். குழந்தையைக் கடத்துகிறவன் மாதிரி தள்ளிக்கொண்டே போனேன்.

பள்ளியில் குழுவின் ஐந்து பேர், பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் வாய்க்கு வர உட்கார்ந்திருந்தார்கள். சிவகாமிக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி. புது வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

“உன்ன யாரு கூப்பிட்டா?” என்றார் தம்பிராஜா.

“அஞ்சு நிமிசம் அண்ணே. நான் ஒண்ணும் பேசல.”

பெட்டியை மேசையில் வைத்தேன். எழுத்தெழுத்தாக எடுத்துக் கட்டையில் கோத்தேன். தேவதாஸ் எழுந்து வந்து பார்த்தார். பிளாக்கில் எழுத்து இடம் வலம் மாறி இருக்கும். என்ன கோக்கிறேன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒருத்தியைத் தவிர. அந்த எழுத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் அவளுக்குத் தெரியும். மூன்றாவது வரி கோத்துக்கொண்டிருந்தபோது நிமிர்ந்தேன். சிவகாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம்.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மையை உருட்டினேன்.

தாளை வைத்து, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாகத் தேய்த்து உரித்தேன். எவ்வளவு அழகாக விழுந்தது. ஒரு வால் அறவில்லை, ஒரு சுழி அடைக்கவில்லை. தேவதாசிடம் கொடுத்தேன். அவர் உரக்க வாசிக்கத் தொடங்கி, நடுவில் குரலைத் தணித்தார்:

“லேகியம் மூன்று டப்பா உண்டேன். இப்போது எனக்கு ஆறாவது மாதம். உதைக்கிறான். இப்படிக்கு, தம்பிராஜா, தலைவர்.”

முதலில் சிரித்தவர் பொருளாளர். பிறகு பெஞ்சே ஆடியது. காகிதம் கை மாறியது. “டீச்சர் எழுத்தேதான்லா. இப்பதான கோத்தான், நம்ம கண்ணு முன்னாடி.” ஒருவர் கொம்பையும் ககரத்தையும் தனித்தனியாக எடுத்துத் தடவிப் பார்த்தார். ஐந்தே நிமிடம். டீச்சர் எழுதவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

தம்பிராஜா மட்டும் சிரிக்கவில்லை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “விளங்குது” என்றார். “டீச்சர் திங்கட்கிழமை வகுப்புக்கு வரலாம்.”

எனக்கு ஒரே பெருமை. வழியெல்லாம் சீழ்க்கை அடித்துக்கொண்டு வந்தேன்.

பின்னறை வாசலில் சிவகாமி நின்றிருந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, பரவாயில்லை என்று சொல்ல முகத்தைக்கூடத் தயார் செய்துகொண்டேன்.

“வேற பேரே கிடைக்கலையா அத்தான்?”

அவ்வளவுதான் கேட்டாள். கதவைச் சாத்தவில்லை. மெதுவாக ஒருக்களித்து வைத்தாள்.

27 ஏப்ரல், சனி

வேறு பேர் கிடைக்கும். சும்மா ‘அம்மா இங்கே வா’ என்று கோத்திருந்தாலும் காட்ட வேண்டியது காட்டப்பட்டிருக்கும். எனக்குத் தெரியும். கோக்கும்போதே தெரியும். அந்தச் சிரிப்பை விட்டுவிட மனம் வரவில்லை.

நல்ல காரியம் செய்யப் போன இடத்திலும் எச்சில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

29 ஏப்ரல், திங்கள்

பெட்டி போய்வந்தது பாய்க்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் சம்பளம் இல்லை. வேலையை விட்டு எடுக்கவில்லை. “உன் மாதிரி வாசகம் எழுத வேற ஆள் இல்ல” என்றார். இதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

20 மே, திங்கள்

பெரிய டீச்சர் பதவி சிரம்பானிலிருந்து வருகிற ஓர் ஆளுக்கு. எட்டு வருட அனுபவம். சிவகாமிக்குக் குழு மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறது. குற்றம் ஒன்றுமில்லை என்று முதல் வரி. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாகத் தற்சமயம்’ என்று இரண்டாவது வரி.

குடும்பச் சூழ்நிலை என்றால் நான்.

தேவதாஸ் வந்து சொன்னார்: “மூணு பேர் டீச்சருக்குத்தான் இருந்தோம் சேது. அந்தக் காகிதத்தத் தலைவர் இன்னும் பையில வச்சிருக்கார். கடைக்கு வர்றவன் எல்லாம் எத்தனாவது மாசம்னு கேக்கிறானாம். அப்புறம் எங்க வாய் எடுபடும்?”

ஊர் முழுக்க அந்தக் கேள்வியைப் பரப்பியது யார் என்று எழுத மாட்டேன். கோப்பிக் கடையில், மூன்று தடவைதான் சொன்னேன்.

2 ஜூன், ஞாயிறு

ஜொகூர்ப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் இடம் கேட்டு வாங்கிவிட்டாள். ஒரே டீச்சர், நாற்பது பிள்ளைகள். பஸ் ஏறும்போது அஞ்சலை அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு, “உடம்பப் பாத்துக்கங்க அத்தான்” என்றாள். திட்டியிருந்தால் ஜீரணமாகியிருக்கும்.

9 ஜூலை, செவ்வாய்

பாய்க்கு ஈப்போவிலிருந்து ஓர் ஆள், பினாங்கிலிருந்து ஓர் ஆள். சுந்தரி எழுத்து செட்டு வேண்டுமாம். லேகிய நோட்டீசைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்களாம். சிவகாமி எழுதிய மூலத் தாள்களைப் பாய் மறுபடியும் சிங்கப்பூருக்கு அனுப்பினார்.

தாள்களைக் கொளுத்திவிடுங்கள் என்று கேட்டேன். “உனக்குப் பைத்தியமா?” என்று அன்பாகக் கேட்டார்.

அஞ்சலை பேச ஆரம்பித்துவிட்டாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். போதவில்லை.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். பாடாங் திடலில் கூட்டம், கொடி, மழைத் தூறல். கடை கடையாகத் தோரணம். தமிழ் வாழ்த்து அட்டைகள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதே எழுத்து. ‘சுதந்திர வாழ்த்துகள்’ என்பதில் தகரத்தின் வால் எவ்வளவு சுதந்திரமாக ஓடுகிறது. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். தம்பிராஜாவும் நானும் கொடுத்துக்கொண்டோம். அவர் கை ஈரமாக இருந்தது, அல்லது என்னுடையது.

சுந்தரி எழுத்தில் இன்று ஒரு விளம்பரம் பார்த்தேன். சாக்கடை அடைப்பு எடுப்பவர். வரிசையாக வாசித்து முடித்தேன். குமட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

14 நவம்பர், வியாழன்

தபாலில் இரண்டு உறை வந்தது. நான் கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். அஞ்சலை கூடத்திலிருந்து கூப்பிட்டாள். அவள் குரலில் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எத்தனை மாதம்.

“சிவகாமி கடுதாசி போட்டிருக்கா.”

ஓடி வந்தேன். ஓர் உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரல் வைத்து முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஈப்போவில் யாரோ வியாபாரியின் மகன் கல்யாணப் பத்திரிகை. பாய்க்குத் தெரிந்தவர், எனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார். வழவழப்பான கார்டு, மை அளவாக, வால்கள் ஒன்றும் அறாமல். மணமகள் பெயர் கொடியில் பூத்த மாதிரி.

இன்னொரு உறை மேசையில் பிரிக்காமல் கிடந்தது. முகவரியில் ஒவ்வோர் எழுத்தும் நெட்டுக்குத்தாக, ஒன்றை ஒன்று தொடாமல், சுழிகள் சின்னப் புள்ளிகளாக. தபால் ஆபீசு படிவம் நிரப்புகிற கை. யாரோ கிராணி என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

“அக்காவுக்கு, நலம். இங்கே மழை. பிள்ளைகள் நன்றாக எழுதுகிறார்கள். அத்தானுக்குச் சளி தேவலையா?”

மொத்தம் ஆறு வரி. எந்த இடத்திலும் பேனா தடுமாறவில்லை. புதுக் கையெழுத்தை நன்றாகப் பழகிவிட்டிருக்கிறாள்.

அஞ்சலை பத்திரிகையிலிருந்து விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். “என்னங்க, இதுல வேற யாரோ பேருல்ல இருக்கு?”

அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, மற்றதைக் கொடுத்தேன்.